ஸ்லோவாக்கியாக் குத்தி

நெற்றிக்கு வைக்க ஒரு காசு கேட்டார்கள். கோசலா நான்காவது தகரப் பேணியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்றிலும் இல்லை.

அம்மாவை, உடலை வைத்திருந்த யாழ்ப்பாணத்து மலர்ச்சாலையிலிருந்து கொண்டுவந்து, நடுவறையில் தெற்கே தலைவைத்துக் கிடத்தி அரை மணித்தியாலம் ஆகவில்லை. சின்னம்மா ராஜராஜேஸ்வரி உள்ளங்கையில் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு தலைமாட்டில் குந்தியிருந்தாள். யன்னலால் புகுந்த சோழகக் காற்று அந்தச் சந்தனத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, ஒரு ரண்டு ரூபாக் குத்தி கூடவே இல்லை இந்த வீட்டிலை?"

"உலகத்துக் குத்தியெல்லாம் இருக்கு சின்னம்மா. எங்கடை குத்திதான் இல்லை."

சொன்ன பிறகுதான் அது பகிடிபோல இருந்தது கோசலாவுக்குத் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மேசையில் பதினொரு பேணிகள் வாய் திறந்து நின்றன. சுவிஸ் பேணியில் ஈட்டி பிடித்து நிற்கும் பெண். கனடாப் பேணியில் தண்ணீரில் மிதக்கும் பறவை. நோர்வேப் பேணியில் நடுவில் துளை விழுந்த காசுகள். இங்கிலாந்துப் பேணியில் ஒரே ராணி, குமரி முதல் கிழவி வரை ஐந்து முகங்களோடு. கடைசியில் சித்தப்பாவின் மகன் சயந்தன்தான் தன் சேர்ட்டுப் பொக்கற்றிலிருந்து ஒரு ஐந்து ரூபாக் குத்தியை எடுத்து நீட்டினான். சின்னம்மா அதை அம்மாவின் நெற்றியில் வைத்து, சந்தனத்தோடு அழுத்தினாள்.

வாசலில் ஏதோ வாகனம் இரைந்தது. கூடியிருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. வாடகைக் கதிரைகள் ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் உழவு மெசின். தலைகள் பழையபடி திரும்பின.

அம்மா, சீதேவி, செத்து இன்று மூன்றாம் நாள். கட்டிலில் இருந்தபடி தேத்தண்ணி கேட்டாள். கோசலா குசினிக்குப் போய் ஊற்றிக்கொண்டு வரமுதல் போய்விட்டாள். எண்பத்திரண்டு வயது. அடுத்த நாளே எடுத்திருக்கலாம். சித்தப்பா இரத்தினசபாபதிதான் மறித்தார்.

"வாகீசன் வந்தாலும் வருவான். மூண்டு நாள் வைச்சிருப்பம்" என்றார். இணையத்தில் மரண அறிவித்தலும் அவர்தான் போட்டார். 'வாகீசன் (ஐரோப்பா), கோசலா ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்று அதில் இருந்தது. ஐரோப்பாவில் எங்கே என்று கேட்டு எவரும் அவரை நெருக்கவில்லை. மடத்துவெளிப் பக்கம் வாகீசன் உயிரோடு இருக்கிறான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கோயில் உண்டியலில் அவனுடைய காசு விழுகிறதே. வீட்டுக்கு வராமல், முகம் காட்டாமல், அம்மனுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகிறான். ஊர் நம்பிய கதை அது. அந்தக் காசைப் போட்டது யார் என்பது கோசலாவுக்குத் தெரியும். அவள்தான் போட்டாள்.

முதல் தடவையையும், பிறகு ஒரேயொரு தடவையையும் தவிர.

*

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு ஆடித் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வான் வானாக வந்து இறங்கத் தொடங்கியது. நோட்டை அர்ச்சனைக்குக் கொடுப்பார்கள். பொக்கற்றில் கிடந்த சில்லறையை உண்டியலில் கொட்டுவார்கள். நோட்டு மாற்றுகிற எந்த இடத்திலும் குத்தியைத் தொட மாட்டார்கள். இப்படிச் சேர்ந்த இரண்டு வாளிக் காசோடு கோயில் சபை முழித்துக்கொண்டு நின்றபோதுதான் கோசலாவைக் கூப்பிட்டார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் இருபது வருடம் இருந்தவள். ஒரு சதம் பிசகாதவள். கலியாணமும் கட்டவில்லை, நேரம் இருக்கும் என்றும் நினைத்திருப்பார்கள்.

அவளும் பிடித்துக்கொண்டாள். காந்தத்தில் ஒட்டுகிறதா, சீமெந்து நிலத்தில் போட்டால் எப்படிக் கிணுங்குகிறது, விளிம்பில் வெட்டு இருக்கிறதா, நடுவில் வேறு உலோகமா என்று பார்த்துப் பார்த்தே நாடு சொல்லப் பழகினாள். மிச்சத்தை அவளோடு ஊர்காவற்றுறையில் படித்த ஜொய்சி ஜேர்மனியிலிருந்து தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தாள். ஜேர்மன் மார்க் இப்போது கடையில் செல்லாவிட்டாலும் அங்கே வங்கிக்குக் கொண்டுபோனால் இன்னும் மாற்றலாம்; பிரெஞ்சுப் பிராங் செத்தது செத்ததுதான். சுவிஸ் காசு நூறு வருடம் பழையதென்றாலும் கடையில் செல்லும். அடுத்த திருவிழாவுக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது அவரவர் நாட்டுக் காசைக் கோசலாவிடம் ரூபா கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். விமானத்தால் இறங்கியதும் பெட்டி வைத்து வண்டில் தள்ளக் குத்தி வேண்டுமாம். கோயிலுக்கு ஒரு சுற்றுமதில் அப்படித்தான் கட்டுப்பட்டது.

காசு பிரிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். முதல் வருடமே அது நடந்தது. செப்பும் பொன்னும் கலந்த நிறத்தில் ஒரு குத்தி. காந்தத்தில் ஒட்டியது. ஒரு பக்கம் மூன்று குன்றின் மேல் இரட்டைச் சிலுவை. மறுபக்கம் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாய். கோசலா அதை எந்தப் பேணியில் போடுவதென்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டி வாங்கினாள். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு கடிதத்தோடு வந்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம் அண்ணை எழுதிய கடைசிக் கடிதம். 'ஸ்லோவாக்கியா எண்ட நாட்டில் நிக்கிறம். இன்னும் ஒரு ஆறு கடந்தால் ஒஸ்ரியா. அம்மா, இந்த நாட்டுக் குத்தியில் ஒரு தாயும் பிள்ளையும் இருக்கு. கண்டவுடனை உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான்.' கடிதத்தின் அடியில் ஒட்டுநாடாவால் அந்தக் குத்தி ஒட்டப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஆற்றோடு அண்ணையின் கதை நின்றுபோயிருந்தது. கூடப்போனவர்களில் ஒருவன் மட்டும் பிறகு எழுதினான். இருட்டில் தண்ணீருக்குள் இறங்கியதாகவும் கரையேறும்போது வாகீசனைக் காணவில்லை என்றும். கூடப்போனவனின் அந்தக் கடிதத்தை அம்மா அடுப்பில் போட்டாள். அண்ணைக்கு ஒரு திவசம் செய்யவிடவில்லை. அவன் பெயரில் ஒருவரும் அழவும் கூடாது. அழ வாயெடுத்த சின்னம்மாவை அவள் படலைக்கு வெளியே அனுப்பியது ஊருக்கெல்லாம் தெரியும்.

"வந்து கும்பிட்டிட்டுப் போயிருக்கிறான்" என்றாள் அம்மா, குத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "பேர் மாத்தி இருக்கிறான் போலை. ஆக்களுக்கு முன்னாலை வரேலாமல் இருக்கும்."

கோசலாவுக்குக் காரணம் தெரியாமலில்லை. ஸ்லோவாக்கியா யூரோவுக்கு மாறி மூன்று வருடமாகியிருந்தது. வியன்னாவில் இருக்கிற எவரோ எல்லை தாண்டிப் போய்ச் சாமான் வாங்கிய மிச்சம், பொக்கற்றுக்குள் கிடந்த செல்லாக் காசு, அம்மனுக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அடுத்த வருடம் குத்தி வரவில்லை. அம்மா இரண்டு வாளியையும் மூன்று தரம் கொட்டிக் கிளறினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். இருபது நாள். கஞ்சியும் இறங்கவில்லை. வைத்தியம் பார்க்க வந்த ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியார் நாடியைப் பிடித்துவிட்டு, "உடம்புக்கு ஒண்டுமில்லை, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இருபதாம் நாள்தான் கோசலா ஜொய்சிக்குத் தொலைபேசி எடுத்தாள். கோயில் கணக்குக்கு மாதிரி வேணுமென்று புளுகினாள். ஜொய்சி பழங்காசை நிறைக்கு விற்கிறவனிடம் தெரிந்தெடுத்து ஒரு கடித உறைக்குள் பதினைந்து குத்தி அனுப்பினாள். 'ஒரு கிலோ ஆறு யூரோ. இது ஐம்பது சதமும் பெறாது, காசு அனுப்பாதை' என்று எழுதியிருந்தாள். உறை வந்த அன்றே கோசலா ஒன்றை வாளிக்குள் ஒளித்துவிட்டு, அம்மாவை எழுப்பிக் கிளறவைத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கொடியேற்றத்தன்று ஒரு குத்தி சீலைத் தலைப்பிலிருந்து உண்டியலுக்குப் போனது. பொய்யென்றாலும் போடும்போது கும்பிட்டுத்தான் போட்டாள். காசு பிரிக்கும் நாளில் அம்மா கிளறிக் கிளறி அதைக் கண்டெடுப்பாள். அந்த ஒரு நாளுக்காக அவள் முந்நூற்று அறுபத்துநான்கு நாளும் சாப்பிட்டாள், குளித்தாள், அயலட்டையோடு சண்டை பிடித்தாள். ஐம்பது சதமும் பெறாத காசுக்கு இவ்வளவு மதிப்பு என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

*

பதினொரு மணிக்கு வைத்திலிங்கக் குருக்கள் வந்தார். கும்பம் வைத்து, நெல் பரப்பி, சயந்தனைப் பார்த்தார். பிறகு கோசலாவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"பிள்ளை, பன்னிரண்டுக்கு முந்தி எடுக்கவேணும். அதுக்கு முதல் எனக்கு ஒண்டு தெரியவேணும். மகன் இருக்கிறாரோ?"

"ஐயா?"

"உயிரோடை எங்கையேன் இருக்கிறாரெண்டால் சயந்தன் அவருக்குப் பதிலாத்தான் கொள்ளி வைக்கலாம். மகன்ரை பேரும் நட்சத்திரமும் சொல்லித் தர்ப்பை குடுப்பன். இல்லையெண்டால் பெறாமகனெண்டு சயந்தன் தன்ரை பேரிலையே செய்வார். ரண்டிலை ஒண்டைச் சொல்லும். இல்லாத ஆளை இருக்கிறதெண்டு சொல்லி மந்திரம் சொல்லேலாது. இருக்கிற ஆளை இல்லையெண்டும் சொல்லேலாது."

"இருக்கிறான்" என்றார் சித்தப்பா. அவர் படலையடியில் நின்று ஒழுங்கையைப் பார்த்தபடிதான் சொன்னார். "குறிகட்டுவானுக்குப் போற பஸ் இப்ப வந்திடும், ஐயா. அதையும் பாப்பம்."

"நான் பிள்ளையைத்தான் கேட்டனான்" என்றார் குருக்கள். "கூடப் பிறந்தவ அவதானே."

கோசலா நாக்கைப் புரட்டினாள். இல்லை என்று சொல்லத்தான் மூன்று நாளாக மனதைத் திடப்படுத்தி வைத்திருந்தாள். இருபத்தாறு வருடமாக அண்ணை அந்த ஆற்றுக்குள்தான் கிடக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தொண்டையில் அந்த ஒரு குத்தி வந்து நின்றது. அவள் போடாத குத்தி.

ஏழு வருடத்துக்கு முதல் கோசலா கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். திருவிழா முழுக்க அவள் ஆசுபத்திரிக் கட்டிலில். தகடு வைத்த பிறகு எழும்பி நடக்கச் சொன்னார்கள். அவள் நடக்கவில்லை. கொடியேறிவிட்டது, குத்தி போடவில்லை, அம்மா வீட்டில் தனியே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள் என்று நினைத்து நினைத்து இவளும் இங்கே சுவரைப் பார்த்துப் படுத்தாள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். படுக்கிற விதம் மட்டும் ஒன்றாக இருந்தது. பத்தாம் நாள் பின்னேரம் அம்மா இரண்டு பஸ் மாறி வந்து கட்டிலடியில் நின்றாள். வியர்த்த கைக்குள் அந்தக் குத்தி.

"கொண்ணன் வந்திட்டுப் போயிட்டான், பிள்ளை. நீ இல்லாத நேரம் பாத்து. எழும்பு, நட. அடுத்தமுறை வரேக்கை நீ நிக்க வேணாமே?"

கோசலா அந்தக் குத்தியை வாங்கிப் பார்த்தாள். தாய். பிள்ளை. அடுத்த நாள் காலை அவள் எழும்பி நடந்தாள். ஆசுபத்திரியே அதிசயப்பட்டது.

அன்று பிடித்தது அவளை. இந்தக் குத்தியைப் போட்ட கை எது? பிறகு வந்த திருவிழாக்களில் தன் குத்தியைப் போட்டுவிட்டு இரண்டாவது ஒன்று வருகிறதா என்று வாளியைக் கிளறினாள். வரவில்லை. ஒருமுறை தேர் இழுபடும்போது சனத்துக்குள் ஒரு பிடரியைக் கண்டாள். அண்ணையின் பிடரி, மச்சத்தோடு. வடத்தை விட்டுவிட்டு, நொண்டி நொண்டி, ஒட்டோ பிடித்து, குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் பின்னால் போனாள். நயினாதீவு வள்ளத்தில் ஏறக் காலைத் தூக்கிய மனிசன் திரும்பிப் பார்த்தான். வேலணை ஆள், சுவிசிலிருந்து வந்தவன். "என்னக்கா, காசு மாத்தவோ?" என்று கேட்டான். அதற்குப் பிறகும் பிடரிகளைப் பார்ப்பதை அவளால் விட முடியவில்லை. அம்மாவை நம்பவைக்க அவள் கட்டிய பேய் அவளையே பிடித்துக்கொண்டது.

"யோசிச்சுச் சொல்லும்" என்றார் குருக்கள். "நான் மற்ற அலுவலைப் பாக்கிறன்."

பறை முழங்கத் தொடங்கியது. சின்னம்மா கோசலாவின் தோளைத் தொட்டாள். "கொம்மா தனக்கு மேலாலை போர்க்கவெண்டு எடுத்து வைச்ச சீலை எங்கை? அதைக் கொண்டா, பிள்ளை."

*

அலுமாரியின் அடித்தட்டில், பூச்சி உருண்டை வாசத்தோடு, சந்தன நிறப் பட்டு இருந்தது. கோசலா அதை உதறி விரித்தாள். மடிப்புக்குள்ளிருந்து அண்ணையின் கடிதம் நழுவி நிலத்தில் விழுந்தது.

குனிந்து எடுத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கிய நீலக் கடதாசி. அடியில் நான்கு துண்டு ஒட்டுநாடா, தேன் நிறத்தில் காய்ந்து கிடந்தது. நடுவில் துரு பிடித்த ஒரு வட்டம். குத்தி இல்லை.

எங்காவது விழுந்திருக்குமென்று சீலையை மறுபடி உதறினாள். தட்டைத் தடவினாள். பிறகு நாடாவைப் பார்த்தாள். அது தானாக விடவில்லை. ஒரு பக்கத்தால் நகம் வைத்துக் கிளப்பியிருந்தது. கடதாசி கிழியக்கூடாதென்று கவனமாக, மெல்ல மெல்லக் கிளப்பிய அடையாளம்.

கட்டிலில் தலையணைக்குக் கீழே அம்மாவின் சுருக்குப்பை இருந்தது. கோசலா அதைப் பாயில் கொட்டினாள். இத்தனை வருடத்துக் குத்திகள். ஜொய்சி அனுப்பியவை எல்லாம் கையால் தேய்ந்து மினுங்கின. ஒன்றை அவள் விளிம்பால் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒட்டுநாடாவின் பசை விளிம்பைச் சுற்றிக் கறுத்துப்போய் இருந்தது. தாயும் பிள்ளையும் இருக்கும் பக்கத்தில் துரு, கடிதத்தில் இருந்த அதே அளவு வட்டமாக. ஆண்டைப் பார்த்தாள். தொண்ணூற்றுமூன்று. அண்ணை கைபட எடுத்து ஒட்டிய குத்தி. ஆசுபத்திரிக் கட்டிலடிக்கு வியர்த்த கைக்குள் வந்த குத்தி இதுதான். நாடு சொல்லவும் விலை சொல்லவும் தெரிந்தவள், அந்தக் கட்டிலில் வைத்து இதை மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லாமல் இருந்திருக்கும்.

அந்த வருடம் இரண்டு வாளியையும் அம்மா தனியே கொட்டியிருப்பாள். மூன்று தரம் கிளறியிருப்பாள். மகள் ஊரில் இல்லாத வருடம் மகனும் வரவில்லை என்பதைக் கண்டிருப்பாள். அதைக் கண்டபின் என்ன விளங்கியிருக்கும் என்பதற்குப் பெரிய கணக்குத் தேவையில்லை. சுவரைப் பார்த்துப் படுக்க இந்த முறை அவளுக்கு நேரமிருக்கவில்லை. அங்கே ஒருத்தி ஏற்கெனவே படுத்திருந்தாள். ஆகவே அலுமாரியைத் திறந்து, மகன் தந்த ஒரே காசைக் கிளப்பிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

கோசலா பாயில் இருந்துவிட்டாள். வேறொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வருடத்துக்குப் பிறகு அம்மா வாளியைக் கிளறவேயில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். "பார், பிள்ளை. உன்ரை கையிலைதான் அம்பிடும்" என்பாள். கண் தெரியவில்லையாக்கும் என்று கோசலா நினைத்திருந்தாள். குத்தி அகப்பட்டதும் அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றுவாள், முந்தியதுபோலவே. எல்லாம் முந்தியதுபோலவே. ஏழு வருடம் அந்தக் கிழவி மகனைச் சாகக் கொடுத்துவிட்டு, மகளுக்காக அவனை ஒவ்வோர் ஆடியிலும் உயிரோடு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், ஒரு சொல், வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. தன் பங்குக்குக் கோசலாவும்தான் சொல்லவில்லை. ஒரு கூரைக்குக் கீழே, ஒரு பானைச் சோற்றைப் பிரித்துத் தின்றுகொண்டு.

"அம்மா" என்றாள். அறைக்குள் ஒருவரும் இல்லை.

"சீலை கிடைச்சுதே?" என்று சின்னம்மா வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

கோசலா குத்திகளைச் சுருக்குப்பைக்குள் போட்டுத் தலையணைக்குக் கீழேயே வைத்தாள். கடிதத்தை மடித்தாள். சீலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

பஸ் வந்து போய்விட்டிருந்தது. சித்தப்பா இன்னும் படலையடியில்தான் நின்றார்; பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மூன்று பேர், மூவரும் அயல். சயந்தன் குளித்து, ஈரவேட்டியோடு, முற்றத்துப் பந்தலுக்குள் குருக்களுக்கு முன்னால் நின்றான். பறை காதைப் பிளந்தது. சின்னம்மா சீலையை வாங்கி அம்மாவின் மேல் விரித்தாள்.

குருக்கள் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கோசலாவைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"இல்லை" என்றாள் கோசலா.

பறைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னே சரிந்தார். "என்ன, பிள்ளை?"

கோசலா மூச்சை இழுத்தாள். பறைகாரர்கள் தோலைக் காய்ச்ச நெருப்படிக்குத் திரும்பினார்கள். முழக்கம் சட்டென்று நின்றது. அவள் கத்திவிட்டிருந்தாள்.

"இல்லை, ஐயா! அண்ணை இல்லை! அப்பவே போயிட்டான்!"

வளவு முழுக்கக் கேட்டது. குசினிக்குப் பின்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். பனைகளில் காற்று இரைந்தது. சித்தப்பா ஒழுங்கையிலிருந்து கண்ணை எடுத்தார். மெல்ல நடந்து பந்தலடிக்கு வந்தார்.

"அப்ப அந்தக் குத்தி, பிள்ளை?"

"நான்தான் போட்டனான், சித்தப்பா. அம்மாவுக்காக."

தான் ஆசுபத்திரியில் கிடந்த வருடத்துக் குத்தி தான் போட்டதல்ல என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. அது இரண்டு பேருக்கு இடையில் இருந்த கதை. அதில் ஒருத்தி நெற்றியில் ஐந்து ரூபாயோடு கிடந்தாள்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். ஏசுவார் என்று கோசலா நினைத்தாள். அவர் கண்ணாடியைச் சால்வையில் துடைத்துத் துடைத்து, போடாமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மகனின் தோளில் கையை வைத்து, "நீ உன்ரை பேரைச் சொல்லு" என்றார்.

குருக்கள் தர்ப்பையைச் சயந்தனின் விரலில் போட்டார்.

தலைமாட்டில் இருந்த சின்னம்மாவிடமிருந்துதான் முதலில் அது வந்தது. மூன்று நாளாக 'அக்கா, அக்கா' என்று அழுத தொண்டை. ஆனால் இப்போது வந்த பெயர் வேறு.

"என்ரை ராசா, வாகீசா... ஆத்திலை இறங்கேக்கை ஆரையடா கூப்பிட்டனீ... குளிருதெண்டு சொல்ல ஒரு சனம் இல்லாமல் போனியோ..."

பக்கத்தில் இருந்த கிழவி அவளைக் கட்டிப்பிடித்தாள். அவளும் அதே பெயரை எடுத்தாள். வளவிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து வட்டத்தில் குந்தினார்கள். இருபத்தாறு வருடம் வாய்க்குள் வைத்திருந்த ஒப்பாரிக்குச் சொல் பஞ்சமிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்த கால், கடலில் நீந்திய தோள், மாம்பழம் திருடிய கை என்று ஒவ்வொன்றாக அழைத்தார்கள். படலைக்கு வெளியே அனுப்ப இப்போது அம்மா எழும்பி வரமாட்டாள். கோசலா அவர்களுக்கு நடுவில் புகுந்து இருந்தாள். அழுகை வந்தது. யாருக்கென்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பாடையைத் தூக்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நாலுபேரும் கடலில் வலை இழுக்கிற உடம்புக்காரர். பெண்கள் படலை வரைக்கும்தான் போகலாம். கோசலா அதைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். கடைசி மாதம் ஆசுபத்திரியில் நிறை பார்த்தபோது அம்மா முப்பத்தொரு கிலோ இருந்தாள்.

ஒழுங்கை முடக்கில், பின்னால் வலது பக்கம் போனவன், இரண்டு பேரைத் தூக்கியவன்போல, பாரம் தாங்காமல் நின்று தோள் மாற்றினான்.